இருதய மேலறையின் நடுக்கமும் கதீட்டர் சிகிச்சையும்

1912-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து வர்த்தகர் ஒருவர், இருதய வைத்தியத்தில் அக்காலத்தில் பெரும் பெயர் பெற்றிருந்த கரேல் வென்கெபாக் என்னும் டாக்டரிடம் வந்து, தம்முடைய நாடி இடையிடையே தாளம் தப்பி ஓடுவதைக் காட்டிப் பரிகாரம் கேட்டார். அந்தக் கோளாறை நிறுத்தும் வழி வைத்திய சாஸ்திரத்தில் இல்லை என்று டாக்டர் சொல்லவே, வழி தமக்குத் தெரியும் என்றும், மறுநாள் காலையில் ஒழுங்கான நாடியோடு வந்து காட்டுவதாகவும் சொல்லி எழுந்து போன அவர், சொன்னபடியே வந்து காட்டினார். மலேரியா மிகுந்த நாடுகளில் வாழ்ந்து, அந்தக் காய்ச்சலுக்காகக் கொயினாவை உட்கொண்டு பழகியவர் அவர்; ஒரு கிராம் கொயினா உள்ளே போனதும் தம் இருதயத்தின் குழப்பம் சிறிது நேரத்தில் அடங்கிவிடுகிறது என்பதைத் தற்செயலாகக் கண்டு வைத்திருந்தார். வென்கெபாக் அதைப் பிற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, சிலரிடம் மட்டுமே அது பலித்ததைக் கண்டு, அந்த உண்மையையும் மறையாமல் 1914-ல் வெளியிட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வால்டர் ஃபிரே என்பவர், கொயினாவைத் தரும் சிங்கோனாப் பட்டையிலிருந்து கிடைக்கும் சரக்குகளுள் இந்தக் காரியத்துக்கு மிகவும் ஏற்றது குவினிடின் என்று நிலைநாட்டினார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று டாக்டர்கள் சொல்லும் மேலறை நடுக்கத்தை நிறுத்த முடியும் என்பது இவ்வாறு ஒரு நோயாளியின் வாயிலாக உலகத்துக்குத் தெரிய வந்தது. அந்த நடுக்கம் இருதயத்தின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்பது தெரிவதற்கோ, அந்த வர்த்தகர் வந்த நாளிலிருந்து 86 ஆண்டுகள் ஆயின.

ஆரோக்கியமான இருதயத்தில், வலப்புற மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு திசுத் திரளிலிருந்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின் அலை புறப்பட்டு, இரண்டு மேலறைகளிலும் பரவி, அவற்றைச் சுருங்கச் செய்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஒரே வாயிலைக் கடந்து கீழே இறங்குகிறது. மேலறை நடுக்கத்திலோ, இந்த ஒழுங்கு முற்றிலும் குலைந்து, நிமிஷத்துக்கு 350 முதல் 600 வரையிலான மின் அலைகள் மேலறைச் சுவர் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. சுவர் சுருங்குவதில்லை, கொதிக்கப் போகும் உலைநீரின் மேற்பரப்பைப் போல் சலசலத்துக்கொண்டே இருக்கிறது. நடுவாயில் அத்தனை அலைகளையும் கீழே விடாமல் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால்தான் மனிதன் உயிரோடிருக்கிறான். ஆயினும் அது எந்த அலையை விடும், எதைத் தடுக்கும் என்பதற்கு ஒரு நியமமும் இல்லாமையால், கீழறையின் துடிப்பு ஒன்றுக்கொன்று இடைவெளி ஒவ்வாமல் வருகிறது. ஈ.சி.ஜி. தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னே எழுந்திருக்க வேண்டிய சின்னஞ்சிறு மேடு காணாமற்போய், அந்த இடத்தில் மெல்லிய நடுக்கக் கோடு ஒன்று ஓடுகிறது. கூர்முனைகளோ, அடிக்கோல் வைத்து அளந்தாலும் எந்த இரண்டுக்கும் இடையே ஒரே தூரம் அகப்படாதபடி சிதறிக் கிடக்கின்றன.

படபடப்பு, மூச்சு வாங்கல், மாடிப்படி ஏறும்போது கால் தளர்ந்துவிடுதல் ஆகியவை இதன் துன்பங்கள். சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், சுருங்காத மேலறையில், முக்கியமாக இடது மேலறையின் ஓரத்தில் காது மடலைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் பையில், ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி ஒரு நாள் பெயர்ந்து மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வருகிறது. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்னும் ஊரின் ஜனங்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று காட்டியது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுள் நால்வரில் ஒருவருக்கு இது வாழ்நாளில் எப்போதேனும் வரக்கூடும் என்பதும் அதே ஊரின் கணக்கே.

லெய்டன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் அமைத்த மின்வரைவுக் கருவியும், இங்கிலாந்தின் பர்ன்லி நகரத்தில் ஜேம்ஸ் மெக்கன்சி கழுத்துச் சிரையின் துடிப்பைப் பதிவு செய்து கண்ட உண்மைகளும் இல்லாதிருந்தால், நாடியின் இந்த ஒழுங்கின்மைக்கு மேலறையே காரணம் என்பது விளங்கியிராது. 1909-ல் லண்டனில் தாமஸ் லூயிஸும், வியன்னாவில் ரோத்பெர்கரும் விண்டர்பெர்க்கும், தனித்தனியே, ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதை நிரூபித்தார்கள். அதன் பின்னர் எழுந்த விவாதம் மிக நீண்டது. மேலறையின் ஏதோ ஒரு புள்ளி வெறிகொண்டாற்போல் வேகமாகத் துடித்து மற்றப் பகுதிகளையும் கலக்குகிறதா, அல்லது அலைகள் தாமே ஒன்றையொன்று துரத்திச் சுழன்று சுழன்று தம்மைத்தாமே வாழவைத்துக்கொள்கின்றனவா? ஜார்ஜ் மைன்ஸ் என்னும் இளைஞர் சுழலும் அலையின் தத்துவத்தை 1913-லும் 1914-லும் அற்புதமான தெளிவோடு விளக்கினார். டேவிட் ஷெர்ஃப் 1940-களில் நாயின் மேலறையில் ஓரிடத்தில் அகோனைட்டின் என்னும் நஞ்சை வைத்துப் புள்ளியிலிருந்தும் இத்தகைய குழப்பம் பிறக்கும் என்று காட்டினார். 1960-களில் கார்டன் மோ, பல சிற்றலைகள் ஒரே சமயத்தில் அலைந்து திரிந்து பிரிந்தும் கலந்தும் நடுக்கத்தை நிலைநிறுத்துகின்றன என்னும் கொள்கையைக் கம்ப்யூட்டர் கணக்கின் துணையோடு நாட்டிய பிறகு, அதுவே சாஸ்திரத்தின் அங்கீகாரம் பெற்ற விளக்கமாயிற்று. புள்ளியைத் தேடும் எண்ணம் ஒரு தலைமுறைக் காலம் பின்தங்கிப் போயிற்று.

ஒரு கொள்கை எவ்வாறு கத்தியின் வழியை நிர்ணயிக்கிறது என்பதற்கு அடுத்து நடந்தது நல்ல உதாரணம். அலைகள் உயிர் வாழ்வதற்குக் குறைந்தபட்சம் இவ்வளவு இடம் வேண்டும் என்றால், மேலறையைச் சிறு சிறு பிரிவுகளாக வெட்டித் தைத்து, எந்தப் பிரிவிலும் அவ்வளவு இடம் இல்லாதபடி செய்துவிட்டால் நடுக்கம் நின்றுபோக வேண்டும் அல்லவா? இந்த எண்ணத்தில் ஜேம்ஸ் காக்ஸ் என்னும் அறுவை மருத்துவர், செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மார்பைத் திறந்து, மேலறைகளில் சிக்கலான ஒரு பாதையை மட்டும் மின் அலைக்கு விட்டுவைக்கும் வெட்டுக்களை இட்டார். மேஸ் அறுவை என்று அது பெயர் பெற்றது. பலன் சிறப்பாகவே இருந்தது. ஆனால் படபடப்புக்காக மார்பெலும்பைப் பிளந்துகொள்ள எத்தனை பேர் இசைவார்கள்?

மார்பைத் திறக்காமல் இருதயத்துக்குள் போகும் வழி முன்பே தெரிந்திருந்தது. 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் டாக்டர், தம் கைச் சிரையின் வழியாக 65 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கதீட்டர் என்னும் ஒரு மெல்லிய குழலைத் தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்-ரே அறைக்கு நடந்து சென்று, குழலின் நுனி தம் வலது மேலறையில் நிற்பதைப் படம் பிடித்துக் காட்டினார். மேலதிகாரிகளின் கோபத்தைச் சம்பாதித்துக் கொடுத்த அந்தச் சாகசத்துக்கு 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1981-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன், கதீட்டரின் நுனியிலிருந்து மின்னதிர்ச்சி கொடுத்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வாயிலையே அழித்தார். நடுக்கம் அப்படியே இருந்தது, கீழறை மட்டும் அதன் தொல்லையிலிருந்து தப்பியது, அதற்காக நோயாளி ஆயுள் முழுவதும் பேஸ்மேக்கரைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் மின்னதிர்ச்சிக்குப் பதிலாக ரேடியோ அலை மின்சாரம் வந்தது. அது திசுவைச் சிறிது சிறிதாகச் சூடேற்றி, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தழும்பை உண்டாக்குவதால், நுட்பமான வேலைக்கு ஏற்றதாயிற்று.

1990-களில் ஃபிரான்சு தேசத்துப் போர்தோ நகரத்தில் மிஷெல் ஹைசகேரும் அவருடைய சகாக்களும், காக்ஸின் வெட்டுக்களைக் கதீட்டரால் தழும்புக் கோடுகளாக இட்டுப் பார்த்து வந்தனர். கோடுகளை இட்டு நடுக்கத்தை நிறுத்திய பின்னும், அது திரும்பத் திரும்பத் தலையெடுப்பதைக் கண்ட அவர்கள், தொடர்ந்து நடக்கும் நடுக்கத்தை ஆராய்வதை விட்டு, அது ஆரம்பிக்கும் அந்த ஒரு க்ஷணத்தைக் காத்திருந்து கவனிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் முன்னால் காலம் தவறிய ஒரு துடிப்பு வந்தது. அந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறதென்று கதீட்டரின் நுனியால் தேடிக்கொண்டே போனால், தேடல் மேலறையைக் கடந்து, அதற்குள் ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் நுரையீரல் சிரைகளுக்குள்ளே 2 முதல் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் போய் நின்றது. 1998-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 45 நோயாளிகள் இருந்தனர். அவர்களிடம் கண்டறியப்பட்ட 69 புள்ளிகளில் 65 நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. இடப்புற மேற்சிரையில் மட்டும் 31. அந்தப் புள்ளிகளைச் சுட்டபின், ஏறத்தாழ எட்டு மாதக் கண்காணிப்பில், 28 பேருக்கு மருந்தின்றியே நடுக்கம் திரும்பவில்லை.

சிரைக்குள் இருதயத் தசை எப்படி வந்தது என்று கேட்கலாம். மேலறையின் தசை நார்கள் அதன் வாயோடு நின்றுவிடாமல், சட்டையின் கையைப் போலச் சிரைகளின்மேல் சிறிது தூரம் படர்ந்து செல்கின்றன. ஜெருசலேத்தில் நாதனும் எலியாக்கிமும் 1966-ல் மனித இருதயங்களை அறுத்துப் பார்த்து இதைத் தெளிவாக விவரித்திருந்தார்கள். அதற்கும் முன்பே, 1870-களில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்து, இந்தியப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜோசப் ஃபேரரும், லண்டனில் லாடர் பிரண்டனும், இருதயத்தின் அறைகள் எல்லாம் ஓய்ந்த பின்னும் நுரையீரல் சிரைகள் தாமாகத் துடித்துக்கொண்டிருப்பதைப் பிராணிகளிடம் கண்டு ஒரு சிறு குறிப்பாக எழுதி வைத்தனர். நூற்றிருபது ஆண்டுகள் அந்தக் குறிப்பு யாருக்கும் பயன்படாமல் கிடந்ததை நினைக்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. விடை ஏட்டில் இருந்தது, கேள்வியைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

போர்தோவின் கண்டுபிடிப்புக்குப் பிறகு சிகிச்சையின் வடிவமே மாறிவிட்டது. முதலில் சிரைக்குள்ளேயே புள்ளியைச் சுட்டார்கள். அதனால் சில சிரைகள் வடுவால் சுருங்கி அடைபடவே, சிரையின் வாய்க்கு வெளியே, மேலறைச் சுவரில், வட்டமாகத் தழும்பு வேலி அமைத்து, சிரையில் எந்தப் புள்ளி துடித்தாலும் அதன் அலை மேலறைக்குள் வராதபடி துண்டித்துவிடும் முறை ஏற்பட்டது. மிலான் நகரத்துக் கார்லோ பப்போனே இதை வளர்த்தவர்களுள் முக்கியமானவர்.

இன்று நடக்கும் முறையைச் சிறிது அருகே சென்று காண்போம். தொடையின் அடிவாரத்தில் சிரையைக் குத்திக் கதீட்டரை ஏற்றி, வலது மேலறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரு மேலறைகளுக்கும் நடுவேயுள்ள சுவரில், கருவிலிருக்கும் காலத்துத் துவாரம் மூடிய மெல்லிய இடத்தை நீண்ட ஊசியால் துளைத்து இடது மேலறைக்குள் நுழைகிறார்கள். ரத்தம் உறைந்துவிடாதிருக்க ஹெப்பாரின் ஏற்றப்படுகிறது. ரேடியோ அலையால் புள்ளி புள்ளியாகச் சுட்டு வட்டத்தைப் பூர்த்தி செய்வது ஒரு வழி. சிரையின் வாயில் ஒரு பலூனை ஊதிப் பொருத்தி, அதற்குள் குளிர்வாயுவைச் செலுத்தி, வட்டம் முழுவதையும் ஒரே தடவையில் உறையவைப்பது மற்றொரு வழி. 2016-ல் 762 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், குளிர் முறை சூட்டு முறைக்குக் குறைந்ததன்று என்று தெரிந்தது. வலப்புறச் சிரைகளை உறையவைக்கும்போது, அவற்றை ஒட்டி இறங்கும் உதரவிதான நரம்பும் உறைந்து செயலற்றுப் போகும் அபாயம் உண்டு. ஆகையால் அந்த நரம்பை மேலேயிருந்து மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே, ஒருவர் நோயாளியின் விலாவுக்குக் கீழே வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்து, தூண்டுதலுக்குத் தூண்டுதல் உதரவிதானம் எக்கி அடிப்பதை உணர்ந்துகொண்டிருக்கிறார். அந்த அடி சற்றே மெலிந்தால் போதும், அவர் குரல் கொடுக்கிறார். அந்த விநாடியே குளிர் நிறுத்தப்படுகிறது. திரைகளும் வரைபடங்களும் நிறைந்த அந்த அறையில், ஒரு நரம்பின் கதி மனிதக் கையின் ஸ்பரிசத்தை நம்பியிருப்பது என் மதிப்பில் அந்தச் சிகிச்சையின் மிகவும் நேர்த்தியான பகுதி.

சிரைகளைத் துண்டித்தால் எல்லோருக்கும் குணமாகிவிடுகிறதா என்றால், இல்லை. இங்கேதான் இந்த வியாதியின் மிக முக்கியமான தன்மை வெளிப்படுகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் மோரிட்ஸ் அல்லெசியின் ஆய்வுக்கூடத்தில் வைஃபெல்ஸ் என்பவர், 1995-ல், ஆடுகளின் மேலறையில் மின்கருவியைப் பொருத்தி, நடுக்கம் நின்ற போதெல்லாம் அதை மறுபடி தூண்டிவிட்டுக்கொண்டே இருந்தார். முதல் நாளில் சில விநாடிகளில் தானே அடங்கிய நடுக்கம், நாளாக ஆக நீண்டு, சராசரியாக ஒரு வார காலத்திலேயே 11 ஆடுகளில் 10-க்கு நிற்காமல் நிலைத்துவிட்டது. நடுக்கம் மேலறையின் மின் குணத்தை மாற்றுகிறது. மாறிய மேலறை நடுக்கத்தை நீடிக்கச் செய்கிறது. மாதங்களும் வருஷங்களும் செல்லச் செல்ல, தசைக்கு நடுவே நார்த்திசு ஊடுருவி, மேலறை விரிந்துபோகிறது. ஆரம்பத்தில் சிரைக்குள்ளிருந்த வியாதி பின்னால் சுவர் முழுவதிலும் குடியேறிவிடுகிறது. அந்த நிலையில் சிரைக்கு வேலி கட்டுவதால் விளையும் நன்மை குறையத்தானே செய்யும்?

அப்படியானால் சுவரிலும் அதிகமாகச் சுடலாமே என்று எண்ணியவர்கள் பலர். நெடுங்காலம் நானும் அதை நியாயமான எண்ணமென்றே கருதியிருப்பேன். ஆனால் 2015-ல் வெளிவந்த ஆய்வு, தொடர் நடுக்கமுள்ள 589 பேரை மூன்று வகையாகப் பிரித்து, சிலருக்குச் சிரைத் துண்டிப்பு மட்டும் செய்து, மற்றவர்களுக்கு அதோடு கூடுதலான கோடுகளோ சூட்டுப் புள்ளிகளோ சேர்த்துப் பார்த்தபோது, கூடுதல் சூட்டால் ஒரு நன்மையும் விளையவில்லை. சிரைத் துண்டிப்பு மட்டும் பெற்றவர்களுள் 59 சதவீதத்தினர் பதினெட்டு மாதங்கள் நடுக்கமின்றி இருந்தனர். கூடுதலாகச் சுடப்பெற்றவர்களுள் அத்தொகை 49, 46 என்றே நின்றது. காலம் கடந்தபின் கருவியை அதிகம் பிரயோகிப்பதைக் காட்டிலும், காலத்தோடு சிறிதளவு பிரயோகிப்பதே மேல் என்பதுதான் இதன் பொருள் என நான் கொள்கிறேன். கனடாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வலுவான சான்று. இதுவரை மருந்தே கொடுக்கப்படாத, விட்டு விட்டு வரும் நடுக்கமுள்ள 303 பேரில், முதற் சிகிச்சையாகவே குளிர்ப் பலூன் பெற்றவர்களுள் ஓராண்டுக்குள் 42.9 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு தடவை நடுக்கம் திரும்பியது. மருந்து பெற்றவர்களுள் 67.8 சதவீதத்தினருக்குத் திரும்பியது. தோலுக்கடியில் பதித்த கருவி இரவும் பகலும் கவனித்ததால், நோயாளி அறியாத சிறு நடுக்கமும் இந்தக் கணக்கில் அடங்கும். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், நிலையான நடுக்கமாக முற்றியது பலூன் பெற்றவர்களிடம் 1.9 சதவீதம், மருந்துப் பிரிவினரிடம் 7.4 சதவீதம். 2024-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள், விட்டு விட்டு வரும் நடுக்கத்துக்கு நோயாளியோடு கலந்து பேசிக் கதீட்டரை முதற் சிகிச்சையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்திருப்பது இத்தகைய சான்றுகளின் பலத்தினால்தான்.

காலத்தோடு என்று சொல்லும்போது கதீட்டரை மட்டும் கருதுவது பிழை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிரஷாந்தன் சாண்டர்ஸும் அவருடைய குழுவினரும், உடற்பருமன் உள்ளவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அதை நிலைநிறுத்தினால் நடுக்கம் வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். அதே தேசத்தில் 2020-ல் வெளியான 140 பேர் கொண்ட ஆய்வில், வழக்கமாக மது அருந்தியவர்கள் அதை விட்டபோது நடுக்கம் திரும்புவது குறைந்தது. ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல் ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலறையை விரியச் செய்யும் காரணங்களை அப்படியே விட்டுவிட்டுச் சிரைக்கு வேலி கட்டுவது அரைகுறை வைத்தியம்.

இனி, இந்தச் சிகிச்சையால் கிடைப்பது என்ன? ஆயுளா, சுகமா? 2019-ல் வெளிவந்த கபானா என்னும் பெரிய ஆய்வில் 2,204 பேர் சேர்ந்தார்கள். மரணம், கடும் பக்கவாதம், பெரும் ரத்தப்போக்கு, இருதயம் நின்றுபோதல் ஆகிய நான்கையும் ஒன்றாக எண்ணியபோது, கதீட்டர்ப் பிரிவில் 8.0 சதவீதம், மருந்துப் பிரிவில் 9.2 சதவீதம், இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கக்கூடும். மருந்துப் பிரிவில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் நடுவிலே கதீட்டர் சிகிச்சைக்கு மாறிப் போனதால், முடிவைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் சேர்ந்தவர்களைச் சேர்ந்த பிரிவிலேயே வைத்து எண்ணுவதுதான் ஆய்வு தர்மம். அந்த எண்ணிக்கையின்படி, பொதுவான நோயாளிக்கு இச்சிகிச்சை ஆயுளை நீட்டுகிறது என்று சொல்ல இடமில்லை. இருதயம் பலவீனப்பட்டவர்களின் நிலை வேறு. 2018-ல் வெளியான காஸில் என்னும் ஆய்வில், கீழறையின் இறைக்கும் திறன் மிகக் குறைந்துபோன 363 பேருள், கதீட்டர் பெற்றவர்களில் இறந்தவர்கள் 13.4 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 25.0 சதவீதம். அங்கே தாளத்தை மீட்பது உயிரையே மீட்பதாகிறது.

சுகத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம் நெடுநாளாக இருந்து வந்தது. இவ்வளவு பெரிய சடங்கைக் கடந்து வந்தவன், தனக்குக் குணமாகிவிட்டது என்று நம்புவதாலேயே குணமடைந்ததாக உணரக்கூடும் அல்லவா? இங்கிலாந்தில் 126 பேரிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வு இதைத் தீர்க்க முற்பட்டது. பாதிப் பேருக்கு உண்மையாகச் சிரைகளை உறையவைத்தார்கள். மற்றவர்களுக்கு மயக்கமளித்து, உதரவிதான நரம்பைத் தூண்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதங்களில் நடுக்கம் நிலவிய நேரம் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களிடம் 60 சதவீதமும், பாவனைச் சிகிச்சை பெற்றவர்களிடம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் வாழ்க்கைச் சௌகரியமும் தெளிவாகக் கூடியிருந்தது. சிகிச்சையின் பலன் வெறும் நம்பிக்கையன்று என்பது உறுதிப்பட்டது. நோய் தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது என்பதையும் அந்த 35 சதவீதம் நினைவூட்டுகிறது.

பக்கவாதத்தைத் தடுக்கும் விஷயத்தில் நோயாளிகள் பெரும்பாலும் தவறாகவே எண்ணுகிறார்கள். கதீட்டர் வைத்தியம் முடிந்துவிட்டது, இனி ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை வேண்டாம் என்று தாமே நிறுத்திவிடுவோர் உண்டு. சிகிச்சைக்குப் பின் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு எல்லோரும் அதைச் சாப்பிட வேண்டும்; அதன் பிறகு தொடர்வதும் விடுவதும் வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, முன்னே பக்கவாதம் வந்த வரலாறு முதலிய அபாயங்களைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகிறது, நாடி சீராகிவிட்டதா என்பதைப் பொறுத்து அல்ல. 2025-ல் கொரியாவில் 840 பேரிடம் நடந்த ஆய்வு, ஓராண்டுக்கு மேல் நடுக்கமே திரும்பாதவர்கள் மாத்திரையை விடலாம் என்னும் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பொது நியமம் வருங்காலத்தில் மாறக்கூடும். இன்று அதை டாக்டரின் ஆலோசனையின்றி மாற்றிக்கொள்ள ஒருவருக்கும் நியாயமில்லை.

அபாயங்களையும் சொல்லாமல் விடலாகாது. குத்திய இடத்தில் ரத்தம் கட்டுதல் சாதாரணம். மேலறைச் சுவர் துளைபட்டு இருதய உறைக்குள் ரத்தம் நிரம்புதல் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு நேரிடலாம், உடனே ஊசியால் இறக்கினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் கொடியது, இடது மேலறையின் பின்சுவரை ஒட்டிச் செல்லும் உணவுக்குழல் சூட்டினால் புண்பட்டு, இரண்டுக்கும் நடுவே துவாரம் விழுந்துவிடுவது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்ததில் இது 0.025 சதவீதமே, ஆனால் அது நேர்ந்தவர்களில் மூவரில் இருவர் இறந்துபோனார்கள். வீடு திரும்பி இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின் காய்ச்சல், மார்பு வலி, விழுங்கும்போது வலி, கை கால் மரத்துப் போதல் இவற்றில் எது தோன்றினாலும், பக்கத்து வைத்தியரிடம் காய்ச்சல் மருந்து வாங்கிக் காலம் கடத்தாமல், சிகிச்சை செய்த இடத்துக்கே சென்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் காற்றூதிப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி இந்த நிலையில் மிகவும் ஆபத்தானது. காற்று இருதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடக்கூடும். நோயாளியின் வீட்டார் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இந்த அபாயத்தை வேரோடு களையக்கூடும் என்ற நம்பிக்கையை அளிப்பது அண்மையில் வந்துள்ள துடிப்பு மின்புல முறை. சூடும் குளிரும் இன்றி, விநாடியில் லட்சத்தில் சில பங்கே நீடிக்கும் உயர்ந்த மின்னழுத்தத் துடிப்புகளால் செல்களின் சவ்வில் நுண்துளைகள் விழச் செய்து அவற்றை மடியவைப்பது இது. இருதயத் தசைச் செல்கள் இதற்கு எளிதில் இரையாகின்றன. உணவுக்குழலும் நரம்பும் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. 607 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஒப்பீட்டில், இதன் பலன் பழைய முறைகளின் பலனுக்குச் சமமாகவே இருந்தது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் தொகுப்பில் உணவுக்குழல் துவாரம் ஒன்றுகூட இல்லை. ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீரகத்துக்குப் பாரமாவதும், இருதயத்தின் சொந்த ரத்தக் குழாய் சிறிது நேரம் இறுகிக்கொள்வதும் இந்த முறைக்கே உரிய புதுத் தொல்லைகள்.

மேலே சொன்ன ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டார். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் அவற்றில் விலக்கப்பட்டனர். நம் தேசத்திலோ, சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த அந்தக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, முப்பதிலும் நாற்பதிலுமே மேலறை நடுக்கத்தோடு வந்து நிற்கும் பெண்கள் இன்னும் ஏராளம். அவர்களுடைய மேலறை, வால்வின் அடைப்பால் பல வருஷங்கள் அழுத்தம் தாங்கி விரிந்து நார்த்திசு ஏறியது. போர்தோவின் நோயாளிகளிடம் சிரைக்குள் இருந்த புள்ளியை மட்டும் இங்கே குற்றவாளியாக்க முடியாது. இத்தகையவர்களுக்காக ஆப்பிரிக்க, ஆசிய, லத்தீன் அமெரிக்க நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் சராசரி வயது ஐம்பது, பத்தில் ஏழு பேர் பெண்கள். புதிய மாத்திரையான ரிவரோக்ஸபானைவிட, மாதந்தோறும் ரத்தம் சோதித்து அளவு பார்த்துக் கொடுக்கும் வார்ஃபரின் வகை மருந்தே அவர்களிடம் மரணத்தைக் குறைத்தது. ஆகவே அத்தகைய ஒரு பெண்ணுக்கு முதலில் வேண்டுவது, சுருங்கிய வால்வைப் பலூனாலோ அறுவையாலோ விரித்தல், காய்ச்சல் திரும்பாதிருக்க மூன்று வாரத்துக்கொரு முறை பெனிசிலின் ஊசி, ஊரிலேயே, வார்ஃபரின் அளவு பார்க்கும் ஐ.என்.ஆர். என்னும் அந்த ரத்தச் சோதனையைச் செய்துகொள்ள வசதி ஆகியவை. வால்வுக்காக மார்பைத் திறக்க நேர்ந்தால், அதே மேஜையில் காக்ஸின் மேஸ் அறுவையையும் சேர்த்துச் செய்துவிட இயலும். கதீட்டரைப் பற்றிய யோசனை அவளுக்கு அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது.